எண்ணை மாற்றினேன், பக்கம் திறந்தது: நான் செய்தது குற்றமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 23 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஹட்டனில் கணினி டிப்ளோமா முடித்து, அங்கேயே ஒரு கணினிக் கடையில் வேலை பார்க்கிறார். நுவரெலியாவில் எட்டு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றுக்கு அந்தக் கடை மூலம் பில் போடும் கணினி, வைஃபை, சிசிடிவி எல்லாம் பொருத்திக் கொடுத்தவர் இவர்தான். ஒருநாள் விடுதி முதலாளி, "எங்க வெப்சைட்ட ஒருக்கா பாத்து சொல்லு புள்ள, யாரும் உள்ள பூந்திருவாங்களான்னு" என்று கேட்டிருக்கிறார். முன்பதிவுப் பக்க முகவரியின் கடைசியில் இருந்த 1047 என்ற எண்ணை 1046 ஆக்கியதும், வேறொரு விருந்தினரின் பெயர், தொலைபேசி எண், கடவுச்சீட்டுப் பிரதி எல்லாம் திரையில் வந்திருக்கின்றன. முதலாளியிடம் சொன்னார். அவரும் தளத்தைச் செய்தவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிரச்சினை அன்றிரவுதான் தொடங்கியது. அதே ஆள் செய்த இன்னொரு தளம் எல்ல பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு இருப்பது தெரிந்து, "அதிலும் திறக்குமா என்று பார்க்க" இவர் எண்ணை மாற்றியிருக்கிறார். திறந்தது. ஆதாரமாக இருக்கட்டும் என்று ஆறு கடவுச்சீட்டுப் படங்களைக் கைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். "உங்கள் டேட்டா எங்களிடம் இருக்கிறது, 50,000 ரூபா தந்தால் ஓட்டையை அடைத்துத் தருகிறோம்" என்று அந்த ஹோட்டலுக்கு வாட்ஸ்அப் அனுப்பலாம் என்பது நண்பர் ஒருவரின் யோசனை. வாசகி கேட்பது நான்கு விடயங்கள். நான் செய்தது குற்றமா? காசு கேட்கலாமா? மூன்றரை இலட்சம் ரூபா கட்டி எதிக்கல் ஹேக்கிங் (அனுமதியோடு ஊடுருவிச் சோதிக்கும் வேலை) சான்றிதழ் எடுத்தால் இதைச் செய்ய உரிமம் கிடைக்குமா? இதையே தொழிலாக்க என்ன வழி?

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு பேசலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி போகக் கூடாது. சேவைக்குக் கட்டணம் கேட்பதாக நீங்கள் நினைக்கலாம். ஆனால் "உங்கள் டேட்டா எங்களிடம் இருக்கிறது" என்று தொடங்கி ஒரு தொகையில் முடியும் செய்தியை எந்தப் பொலிஸ் அதிகாரியும் கப்பம் என்றுதான் வாசிப்பார். இதுவரை நடந்ததற்கு விளக்கம் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. அந்தச் செய்தி போய்விட்டால் எந்த விளக்கமும் எடுபடாது. படங்களை அந்த நண்பருக்கும் அனுப்ப வேண்டாம். அனுமதியில்லாமல் எடுக்கப்பட்ட தகவல் என்று தெரிந்தே அதைப் பெறுவதும், வைத்திருப்பதும், நகலெடுப்பதும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் 7 ஆம் பிரிவில் தனிக் குற்றம். அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள்.

"ஹேக் பண்ணவில்லையே, எண்ணைத்தானே மாற்றினேன்"

கடிதத்தில் இதை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

அந்தத் தளத்தில் உள்ள குறை இதுதான். முன்பதிவு எண் 1046 ஐக் கேட்டால், தளம் ஓடும் கணினியான சேர்வர் ஒரே ஒரு கேள்வியைத்தான் பார்க்கிறது: அப்படி ஒரு பதிவு இருக்கிறதா? கேட்பவர் அந்தப் பதிவுக்கு உரியவரா என்று அது பார்ப்பதேயில்லை. ஒருவர் லொகின் செய்திருக்கிறாரா என்பது ஒரு சோதனை, லொகின் செய்தவருக்கு இந்தப் பதிவைப் பார்க்க உரிமை உண்டா என்பது வேறொரு சோதனை. தளம் செய்பவர்களில் பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். இணையத்தளக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த வகைக் குறைதான் முதலிடம். நீங்கள் கண்டுபிடித்தது உண்மையான, பாரதூரமான குறை. அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் சட்டம் பார்ப்பது கதவு எவ்வளவு இலகுவாகத் திறந்தது என்பதை அல்ல. தோட்டத்து ஒப்பீஸ் பூட்டாமல் கிடந்தாலும், உள்ளே போய் செக்ரோல் புத்தகத்தை (வேலைநாள், சம்பளப் பதிவேடு) புரட்டினால் "கதவு திறந்துதானே இருந்தது" என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். கணினிக் குற்றச் சட்டத்தின் 3 ஆம் பிரிவும் அப்படித்தான். சட்டபூர்வ அதிகாரம் தனக்கு இல்லை என்று தெரிந்தோ, இல்லை என்று நம்பக் காரணம் இருந்தோ, ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுக வேண்டுமென்றே ஒரு செயலைச் செய்தால் அது குற்றம். ஒரு இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எதையும் அழிக்கவில்லை, திருடவில்லை என்பது தண்டனையைத் தீர்மானிக்கும்போது உதவலாம். குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது. நல்லெண்ணத்தில் சோதித்தவர்களுக்கென்று தனி விலக்கும் அந்தச் சட்டத்தில் இல்லை.

ஆகவே உங்கள் இரண்டு செயல்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா விடுதியில், உரிமையாளரே பார்க்கச் சொன்னார். அது வாய்ச்சொல், எல்லை தெளிவில்லை, தளம் வேறொருவரின் சேர்வரில் இருக்கிறது. இருந்தாலும் அனுமதி இருந்தது என்று வாதாடலாம். முடிந்தால் இன்றைக்கே அவருக்கு ஒரு செய்தி போடுங்கள்: "நீங்கள் இன்ன திகதி கேட்டபடி தளத்தைப் பார்த்தேன், இன்ன குறை இருந்தது, அன்றே உங்களிடம் சொன்னேன்." அவர் "சரி" என்று ஒரு சொல் பதில் போட்டாலே உங்களுக்கு அது பெறுமதியான எழுத்து. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ், மின்னணு வடிவில் இருப்பதால் மட்டும் ஒரு ஆவணம் செல்லாமல் போய்விடாது.

எல்ல ஹோட்டலில் அந்த வாதம் கிடையாது. அங்கே யாரும் உங்களைக் கேட்கவில்லை. "அதிலும் திறக்குமா என்று பார்க்க" என்று நீங்களே எழுதிய வரி, தெரிந்துதான் செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் நிற்கும் இடம் எது என்று தெரிந்தால்தான் அடுத்த அடியைச் சரியாக வைக்கலாம். இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் போட்டிருந்ததால் யார் என்று தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே பிரவுசரில், அதே பத்து நிமிடத்தில், உங்கள் சொந்த மின்னஞ்சலால் லொகின் செய்துதானே முன்பதிவுப் பக்கத்துக்குப் போனீர்கள்? சேர்வர் பதிவேட்டில் அந்தக் கணக்கும் இருக்கும், வரிசையாகக் கேட்ட எண்களும் இருக்கும்.

கைபேசியில் இருக்கும் ஆறு படங்கள்

உடனே அழித்துவிடத்தான் கை போகும். பொறுங்கள். ஏற்கெனவே முறைப்பாடு ஏதாவது வந்திருந்தால், அல்லது பொலிஸிலிருந்தோ ஹோட்டலிலிருந்தோ அழைப்பு வந்திருந்தால், எதையும் அழிக்காமல் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அந்த நேரத்தில் அழிப்பது சாட்சியத்தை மறைப்பதாகத் தோன்றும். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

முறைப்பாடு எதுவும் இல்லையென்றால் படங்களை இனித் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். குறையை அறிவிக்கும்போதே "ஆறு பதிவுகளின் படம் என்னிடம் இருக்கிறது, நீங்கள் உறுதிப்படுத்தியதும் அழித்துவிடுவேன்" என்று எழுதுங்கள், பதில் வந்ததும் அழியுங்கள். அழிப்பதென்றால் கலரியில் மட்டும் அழித்தால் போதாது. கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருக்கலாம், அதன் குப்பைத்தொட்டியிலும் பல வாரங்கள் கிடக்கும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்திருந்தால் அங்கேயும் இருக்கும். ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். அவை ஆறு மனிதர்களின் அடையாளம். யாரோ ஒருவர் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த இடத்தில் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

எப்படி அறிவிப்பது

நேரடியாக ஹோட்டலுக்கு எழுதுவதைவிட, ஸ்ரீ லங்கா சேர்ட் எனப்படும் தேசிய கணினி அவசர உதவி அமைப்பின் மூலம் போவது உங்களுக்குப் பாதுகாப்பு. 2006 முதல் இயங்குகிறது, 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அங்கே அறிவித்தால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் மறைக்கவில்லை, விற்கவில்லை என்பதற்குத் திகதியோடு ஒரு பதிவு இருக்கும், ஹோட்டலும் ஒரு அரச அமைப்பு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும். இந்த அறிவிப்புக்கு முன்னும் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது. எழுத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லும் நாளைக்கு உங்கள் முன்னால் வரலாம்.

அறிவிப்பு ஒரு பக்கம் போதும். எந்தப் பக்கம், எந்த நேரம், என்ன செய்தபோது என்ன தெரிந்தது, அதனால் யாருக்கு என்ன ஆபத்து, எப்படித் திருத்தலாம். திருத்தும் வழியை இப்படி எழுதலாம்: ஒவ்வொரு கோரிக்கையிலும் லொகின் செய்தவரின் அடையாளத்தைப் பதிவின் உரிமையாளரோடு சேர்வர் ஒப்பிட வேண்டும், கடவுச்சீட்டுப் படங்களைப் பொதுக் கோப்புறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், தேவை முடிந்த பிரதிகளை அழிக்க வேண்டும். வரிசை எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீண்ட எண்ணைப் போடுவது மேலதிகக் காப்பு மட்டுமே. அந்த இணைப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் பழைய கதைதான். அறிவிப்பில் காசு பற்றி ஒரு வரி, "இத்தனை நாளில் செய்யாவிட்டால் பேஸ்புக்கில் போடுவேன்" என்று ஒரு வரி, இரண்டும் வேண்டாம்.

தொழிலாகச் செய்வதென்றால்: அனுமதிக் கடிதம்

உங்களுக்குத் திறமை இருக்கிறது, மலையகத்தில் தேவையும் இருக்கிறது. விடுதிகள், தேயிலை விற்பனை நிலையங்கள், தனியார் வைத்தியசாலைகள், தோட்ட ஒப்பீஸ்கள் எல்லாம் இப்போது கணினியில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குள் அந்நியர் புகமுடியுமா என்று அனுமதியோடு ஊடுருவிப் பார்க்கும் சோதனையைச் செய்து காசு வாங்குவது நேர்மையான தொழில். நீங்கள் அன்றிரவு செய்ததையும் அந்தத் தொழிலையும் பிரிப்பது திறமையோ நல்ல மனமோ அல்ல. கையெழுத்திட்ட ஒரு கடிதம். அதில் இவை இருக்க வேண்டும்:

1. உரிமையாளரின் பெயர், வியாபாரப் பதிவு இலக்கம், அனுமதி கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்ற உறுதி. விடுதியை வாடகைக்கு எடுத்து நடத்துபவர் தளத்தின் உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம்.
2. சோதிக்கும் தள முகவரிகளும், இணையத்தில் அவற்றின் எண்களான ஐபி முகவரிகளும் ஒவ்வொன்றாக. "எங்கள் சிஸ்டம் எல்லாம்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம்.
3. திகதியும் நேரமும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா விடுதியின் தளத்தைத் தொடவே கூடாது. இரவு என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள், ஐரோப்பாவிலிருந்து முன்பதிவு செய்பவருக்கு நம்முடைய நள்ளிரவுதான் மாலை நேரம்.
4. செய்யக்கூடாதவை: தளத்தை முடக்கும் தாக்குதல், தரவை மாற்றுவது அழிப்பது, ஊழியர்களை ஏமாற்றி கடவுச்சொல் வாங்குவது. கடைசியானது தனி அனுமதி கேட்டு, தனியாகச் செய்ய வேண்டியது.
5. ஏதாவது உடைந்தால் எந்த நேரமும் அழைக்க இரு தரப்பிலும் ஒரு தொலைபேசி எண். மற்றவர்களின் தகவல் கண்ணில் பட்டால் ஒரு பதிவோடு நிறுத்தி உடனே சொல்வது என்ற உடன்பாடு.

உரிமையாளரின் கையெழுத்து மட்டும் போதாது. சிறிய தளங்கள் பெரும்பாலும் பகிர்வு ஹோஸ்டிங்கில், அதாவது பலருக்கும் பொதுவான வாடகை சேர்வரில் இருக்கும். ஒரே சேர்வரில் வேறு பலருடைய தளங்களும் ஓடும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும். காசு செலுத்தும் பக்கம் இன்னொரு நிறுவனத்துடையது, அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் கடை. விடுதியின் ரவுட்டர், சிசிடிவி படங்கள் பதிவாகும் டிவிஆர் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் உங்களுக்குத் தெரிந்தது கடை வேலையில். நம்பி ஒப்படைக்கப்பட்ட அணுகல் தகவலை அனுமதியின்றி வெளியிடுவது பற்றி கணினிக் குற்றச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு பேசுகிறது. அவற்றைத் தனிச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். கடை முதலாளியிடம் மறைத்து அவருடைய வாடிக்கையாளரிடம் வேலை எடுக்கவும் வேண்டாம். நீங்களே பொருத்தியதை நீங்களே சோதித்துச் சான்று கொடுப்பதும் சரியில்லை, அதை விடுதிக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சோதனையின்போது எது பிழையாகப் போகும்

கருவியை ஓடவிட்டால் சோதனை முடிந்தது என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அங்கேதான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். குறைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் முன்பதிவுப் படிவத்தைக் கண்டால் நூற்றுக்கணக்கான தடவை நிரப்பி அனுப்பும். காலையில் முதலாளி எழும்பும்போது பொய் முன்பதிவுகளால் எல்லா அறையும் நிரம்பியிருக்கும். நிர்வாகி கணக்கில் லொகின் செய்தபடி ஓடவிட்டால் "அழி" என்ற இணைப்பையும் அது சொடுக்கும். தரவுத்தள ஓட்டைகளைத் தேடும் எஸ்க்யூஎல்மேப் கருவியை உயிரோட்டமான தரவுத்தளத்தில் கூடிய தீவிரத்தில் ஓட்டினால் தரவு மாறவும் கூடும். ஆகவே தளத்தின் ஒரு பிரதியை வேறிடத்தில் நிறுவித் தரச் சொல்லிக் கேளுங்கள். முடியாதென்றால், முதலில் முழு பேக்கப், அந்த பேக்கப் உண்மையில் மீள ஏறுகிறதா என்று ஒரு ஒத்திகை, பிறகுதான் சோதனை.

திறந்திருக்கும் போர்ட்களை (கணினி வெளியோடு பேசும் எண்ணிட்ட வாசல்கள்) தேடும் என்மேப் கருவி சாதாரணமாக 1,000 போர்ட்களைத்தான் பார்க்கும். மொத்தம் 65,535. முழுவதையும் பார்ப்பதென்றால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். விநாடிக்கு 50 என்று வைத்தாலும் 22 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், அவசரமே இல்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் உலர்த்தி, மின்விசிறிகளைக் கட்டுப்படுத்தும் பழைய கருவிகள் இருக்கும் நெட்வேர்க்கில் ஸ்கேனே செய்ய வேண்டாம். சில பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள் சாதாரண ஸ்கேனிலேயே உறைந்துவிடும். கொழுந்து வாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் காற்று நின்றால் நட்டம் யார் தலையில்?

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை, சிம் போட்டு இணையம் எடுக்கும் டொங்கிள். சிக்னல் அறுந்து மறுபடி சேரும்போது உங்கள் ஐபி மாறிவிடும். அப்போது சேர்வர் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை எது, அதே இரவில் வந்த உண்மையான திருடனுடையது எது என்று பிரிக்க முடியாது. நிலையான ஐபி உள்ள இணைப்பிலிருந்து செய்யுங்கள், அந்த ஐபியைக் கடிதத்தில் எழுதுங்கள். தளத்துக்குப் போகும் கோரிக்கைகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் பேர்ப் சூட் கருவியில் ஒவ்வொரு கோரிக்கையோடும் உங்கள் அடையாளச் சொல் ஒன்று போகும்படி தலைப்பு வரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

எட்டு அறை விடுதிக்கு இணையத்தளத்தைவிட உள்ளே பார்க்க வேண்டியது அதிகம். விருந்தினர் வைஃபையில் உங்கள் கைபேசியை இணைத்து, அலுவலகப் பிரிண்டரும் சிசிடிவி டிவிஆரும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் இரண்டும் ஒரே நெட்வேர்க். ரவுட்டரில் விருந்தினர் நெட்வேர்க்கைப் பிரிக்க வேண்டும். டிவிஆரின் கடவுச்சொல் பெட்டியில் வந்ததேதானா? கணக்கு மென்பொருள்காரர் தூரத்திலிருந்து திருத்த, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா? பேக்கப் ஹார்ட் டிஸ்க் நாள் முழுக்கக் கணினியிலேயே குத்தியபடி இருக்கிறதா? இருந்தால், கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் அதுவும் சேர்ந்து பூட்டுப்படும். முன்பதிவு மின்னஞ்சலுக்கு இரண்டு படி உறுதிப்படுத்தல் உண்டா? விருந்தினர் போல எழுதி இணைப்பைச் சொடுக்க வைக்கும் மோசடி ஹோட்டல்களைத் தேடித்தான் வருகிறது.

அறிக்கையின் முதல் பக்கம் முதலாளி வாசிக்கும் மொழியில் இருக்கட்டும், தமிழோ சிங்களமோ. எது இன்றைக்கே திருத்த வேண்டியது, எது ஒரு மாதம் பொறுக்கலாம் என்று அவருக்குப் புரிய வேண்டும். தொழில்நுட்ப விவரம் பின்னால், தளம் செய்பவருக்கு. கட்டணத்தை நாள் கணக்கில் பேசுங்கள், கண்டுபிடித்த குறைகளின் எண்ணிக்கையில் பேசாதீர்கள். திருத்திய பிறகு ஒரு தடவை மீள்சோதனை அந்தக் கட்டணத்துக்குள் அடங்கட்டும்.

மூன்றரை இலட்சம்

எந்தச் சான்றிதழும் உரிமம் அல்ல. அது வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தரும் ஒரு கடதாசி. எதிக்கல் ஹேக்கிங் சான்றிதழ்களில் ஒன்றான சீஇஎச் பரீட்சை 4 மணி நேரம், 125 பல்தேர்வு வினாக்கள். இன்னொன்றான ஓஎஸ்சிபி 23 மணி 45 நிமிடம் செய்முறை, அதன்பின் அறிக்கை எழுத 24 மணி நேரம். இரண்டாவது கடினம், ஆனால் வேலை தெரியுமா என்பதை அதுதான் காட்டும். கமரா முன்னால் எழுதும் பரீட்சை அது, மின்வெட்டு வந்தால் ரவுட்டருக்கும் யூபிஎஸ் வேண்டும்.

அப்பாவின் சேமலாப நிதியிலிருந்து கட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம், தங்கச்சி. 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி போதும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் வேர்ச்சுவல்பொக்ஸில், சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கி, பக்கத்தில் ஓவாஸ்ப் ஜூஸ் ஷொப், மெட்டாஸ்ப்ளொய்டபிள் போன்ற, உடைப்பதற்கென்றே செய்யப்பட்ட சிஸ்டங்களை நிறுவுங்கள். நெட்வேர்க்கை ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் மடிக்கணினிக்குள் மட்டும்) என்று வையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓட்டைச் சிஸ்டம் வீட்டு வைஃபைக்குத் திறந்து கிடக்கும். போர்ட்ஸ்விகர் நிறுவனத்தின் வெப் செக்கியூரிட்டி அகாடமி இலவசம், நீங்கள் கண்ட அதே குறைக்குப் பல பயிற்சிகள் அங்கே இருக்கின்றன. ஆறு மாதம் இதைச் செய்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்க அறிக்கை எழுதிச் சேர்த்த பிறகு எந்தப் பரீட்சைக்குப் பணம் கட்டுவது என்று உங்களுக்கே தெரியும்.

எல்ல ஹோட்டல் விடயம் முடிவுக்கு வந்த பின், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி விசாரியுங்கள். தனிநபர் வியாபாரத்தில் நட்டஈடு வந்தால் அது உங்கள் சொந்தச் சொத்துவரை போகும், அதனால் ஒப்பந்தத்தில் பொறுப்புக்கு ஓர் உச்சத் தொகை எழுதச் சொல்லி சட்டத்தரணியிடம் கேளுங்கள். முதல் வாடிக்கையாளராக அந்த நுவரெலியா முதலாளியையே கேட்கலாம், கடைக்காரருக்குத் தெரிய. சீசன் முடிந்து மே மாதத்தில் ஒரு வாரநாளாகப் பாருங்கள். போகும்போது அனுமதிக் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு, இரண்டிலும் விடுதியின் முத்திரை இருக்கட்டும்.